முப்பத்தேழாவது கத்தி

ஜெயகுமாரி: ...சாவியை நான் எங்கீங்க பார்த்தேன்? இந்தக் கத்தியில பீன்ஸ் நறுக்கறதுக்குள்ள என்ற உசுரு போகுது. வெண்ணெயைக்கூட அறுக்காது.

வெங்கடாசலம்: பீன்ஸ் கெடக்கட்டும் குமாரி. கத்தி அலமாரிச் சாவியைக் கேக்கறேன். ஆணியில தொங்கிட்டு இருந்துச்சு.

ஜெயகுமாரி: தொங்குச்சுங்க.

வெங்கடாசலம்: இப்ப ஆணி மட்டும்தான் இருக்குது.

ஜெயகுமாரி: ஆணியாவது இருக்குதேன்னு சந்தோசப்படுங்க. ஒரு வருசமா அந்த அலமாரிப் பக்கமே நீங்க திரும்பல. இன்னைக்கென்ன திடீர்னு?

வெங்கடாசலம்: மொத்தத்தையும் தாட்டி விட்டுடலாம்னு இருக்கேன்.

ஜெயகுமாரி: என்னங்க?

வெங்கடாசலம்: முப்பத்தேழு கத்தியையும். நாகலூர் ரோட்டுல ஒரு ரிசார்ட்டு வருதாம். அந்த ஓனரு கேட்டாரு. கண்ணாடிப் பொட்டிக்குள்ள வெச்சு முன் ஹால்ல மாட்டறாராம். பதினோரு மணிக்கு ஜீப்பு அனுப்பறேன்னாரு.

ஜெயகுமாரி: இன்னைக்கா?

வெங்கடாசலம்: இன்னைக்குத்தான். ஏன், மொகம் இப்படிப் போகுது? இருவத்தாறு வருசமா நீ கேட்ட வரமாச்சே இது. 'இதென்ன ஊடா, கசாப்புக் கடையா'ன்னு...

ஜெயகுமாரி: நானா? அப்படியா சொன்னேன்?

வெங்கடாசலம்: வாரத்துக்கு ஒருக்கா.

ஜெயகுமாரி: வெளையாட்டுக்குச் சொல்லியிருப்பனுங்க... ஏனுங்க, இன்னைக்குச் செவ்வாக்கிழமை. செவ்வாக்கிழமையில யாராச்சும் ஊட்டு இரும்பை வெளிய அனுப்புவாங்களா?

வெங்கடாசலம்: போன செவ்வாக்கிழமை பழைய அடுப்பை எடைக்குப் போட்டயே?

ஜெயகுமாரி: அது ஸ்டீலுங்க.

வெங்கடாசலம்: அப்ப இது?

ஜெயகுமாரி: இது வேற இரும்பு.

வெங்கடாசலம்: சரியாப் போச்சு... ஆமா, அதென்ன, கத்திக்குச் சேலை கட்டி வெச்சிருக்க?

ஜெயகுமாரி: பிடி ஆடுதுன்னு துணி சுத்தினேன். சமையக்கட்டுல இருக்கறதெல்லாம் இன்னைக்குத்தான் உங்க கண்ணுக்குத் தெரியுதாக்கும்.

வெங்கடாசலம்: பேச்சை மாத்தாத. சாவி இல்லீன்னா பூட்டை ஒடைச்சிடறேன். சுத்தியலை எடு.

ஜெயகுமாரி: நேத்துத்தான் மணிக்கட்டு வலிக்குதுன்னு தைலம் தேய்க்கச் சொன்னீங்க. அந்தக் கையில சுத்தியலா? எனக்கு ஒண்ணு வெளங்கலீங்க. வாக்கிங் போறவங்களுக்குக் காலுதானே வலிக்கும்? உங்களுக்கு எப்படீங்க கை வலிக்குது?

வெங்கடாசலம்: கையை வீசி நடக்கறேன்.

ஜெயகுமாரி: ஏரி இந்தா, கூப்பிடு தூரத்துல இருக்குது. அதுக்கு ஸ்கூட்டருல போறீங்க.

வெங்கடாசலம்: ஸ்கூட்டருல போயி, எறங்கி, அப்புறம் நடக்கறேன். இப்ப நான் வாக்கிங்கைப் பத்தியா கேட்டேன்? நேராச் சொல்லு குமாரி. கத்தியை எடுத்து யாருக்காச்சும் குடுத்துட்டயா?

ஜெயகுமாரி: சேர்வராயன் மேல சத்தியமாச் சொல்றனுங்க. ஒரு கத்தியைக்கூட நான் யாரு கையிலயும் குடுக்கல.

வெங்கடாசலம்: சாமி பேரைச் சொல்லிட்ட...

ஜெயகுமாரி: சொன்னது சொன்னதுதான்.

வெங்கடாசலம்: அப்ப அலமாரிக்குள்ள எல்லாம் பத்திரமா இருக்குது.

ஜெயகுமாரி: ...ஏனுங்க, நெசமாவே ஆசை போயிருச்சா உங்களுக்கு? ஊருக்குப் போனா எல்லாரும் பொண்டாட்டிக்கு அல்வா வாங்கியாருவாங்க. நீங்க கத்தி வாங்கியாந்தீங்க. லாட்ஜுல நீங்க மேனேஜரா இருந்தப்ப, எவரோ ஒரு பேனாக்கத்தியை மறந்துட்டுப் போயிட்டாரு. அதை ஒரு வருசம் பத்திரமா வெச்சிருந்து, அவரு நம்பரைத் தேடிப் புடிச்சு, 'நீங்களே வெச்சுக்கங்க'ன்னு அவரு வாயால சொன்னப்புறம்தான் அலமாரியில வெச்சீங்க. அப்படிச் சேர்த்தது. அதைப் போயி எவனோ ஹால்ல மாட்டறதுக்கு...

வெங்கடாசலம்: ஆசை போன ஆயுத பூஜையோட போச்சு.

ஜெயகுமாரி: தெரியும்.

வெங்கடாசலம்: என்ன தெரியும்?

ஜெயகுமாரி: நான் சொன்ன சொல்லுதான். வரிசையா வெச்சு ஒவ்வொண்ணுக்கும் சந்தனம் தொட்டு வெச்சுட்டு இருந்தீங்க. என்ற வாயி சும்மா இருக்காம, 'வேலை செய்யற கத்திக்குப் பொட்டு வெக்கலாம், வருசம் பூரா படுத்துத் தூங்கறதுக்கு எதுக்குங்க பொட்டு?'ன்னு கேட்டேன். சிரிச்சுட்டுப் போவீங்கன்னு பார்த்தேன். நீங்க எல்லாத்தையும் உள்ள வெச்சுப் பூட்டிட்டீங்க.

வெங்கடாசலம்: நீ தப்பா ஒண்ணும் கேக்கலயே. எனக்குத்தான் பதிலு தெரியல. இருவத்தாறு வருசத்துல அதுக ஒரு வெண்டைக்காயைக்கூட வெட்டினதில்ல.

ஜெயகுமாரி: அந்தச் சொல்லைத் திருப்பி வாங்கத்தான் நானு... சரி, விடுங்க.

வெங்கடாசலம்: நானு? நானு என்ன?

அத்தாயி: அக்கோவ்! கீரை வேணுங்களா? சௌசௌ இருக்குது, வாழையிலை இருக்குது...

வெங்கடாசலம்: வா அத்தாயி. வாழவந்தி பஸ்ஸு இப்பத்தான் வந்துச்சா?

அத்தாயி: ஆமாங்கண்ணா. கூடையை எறக்கினதும் மொத ஊடு உங்க ஊடுதானுங்க. ஏனுங்கக்கா, ஒண்ணு கேக்கோணும். நாளன்னைக்குப் பூஜைக்கு நாங்க எல்லாரும் அதை எத்தனை மணிக்குக் கொண்டாரோணும்?

ஜெயகுமாரி: எதை? கீரையா? இன்னைக்குக் கீரை வேண்டாம் அத்தாயி!

அத்தாயி: கீரை இல்லீங்கக்கா, அந்தக் க...

ஜெயகுமாரி: கருவேப்பிலையும் வேண்டாம்!

வெங்கடாசலம்: இரு, இரு. அந்த வாழையிலைக் கட்டை இப்படிக் காட்டு. நுனி அப்படியே சீவினாப்ல இருக்குதே... எதுல அறுத்த அத்தாயி?

அத்தாயி: ...பல்லுல கடிச்சுங்கண்ணா.

வெங்கடாசலம்: நல்ல பல்லு.

ஜெயகுமாரி: போதும் அத்தாயி. என்னால நீயும் பொய் சொல்ல வேண்டாம். ஏனுங்க, ஜீப்பு வர்றதுக்குள்ள நானே சொல்லிடறேன். சாவி அரிசி டப்பாவுல இருக்குது. ஆனா தொறந்து பிரயோஜனமில்லீங்க. அலமாரி காலி.

வெங்கடாசலம்: காலியா! இப்பத்தானே சேர்வராயன் மேல சத்தியம் பண்ணின?

ஜெயகுமாரி: பண்ணினேன். யாரு கையிலயும் குடுக்கலீன்னுதானே சொன்னேன்? கத்தியைக் கைக்குக் கை குடுத்தா சண்டை வந்துரும். அதனால வாசப்படியில வெச்சேன். அவங்களே எடுத்துக்கிட்டாங்க.

அத்தாயி: ஆமாங்கண்ணா. நான்கூடக் குனிஞ்சுதான் எடுத்தேன்.

வெங்கடாசலம்: சாமியையே ஏமாத்தறயா நீ?

ஜெயகுமாரி: சாமிக்கு மனசு தெரியுமுங்க. உங்களுக்குத்தான் சத்தியம் வேண்டியிருந்துச்சு.

வெங்கடாசலம்: ...எப்ப ஆரம்பிச்சது இது?

ஜெயகுமாரி: தை மாசம். இவ ஊட்டுக்காரரு ஆஸ்பத்திரியில கெடந்தப்ப, இவ பிடியில்லாத கத்தியில இலை அறுத்து வித்துட்டு இருந்தா. கை பூராக் காயம். உள்ள முப்பத்தேழு கத்தி தூங்குது, வெளிய ஒருத்தி கையை அறுத்துக்கறா... மனசு கேக்கல. ஒண்ணை எடுத்துப் படியில வெச்சேன். 'ஆயுத பூஜைக்குக் கொண்டாந்து வெச்சு, பொட்டு வாங்கிட்டுப் போ'ன்னேன். அப்புறம் செம்மநத்தம் பழனியம்மா வந்தாங்க. காப்பிச் செடி கவாத்துக்கு ஆளு போறவங்க. அவங்களுக்குக் கவாத்துக் கத்தி. சத்துணவு சமைக்கற சிவரஞ்சனிக்குக் கறிக்கத்தி. அற்புதம் டீச்சருக்கு அந்த நீளக் கத்தி.

வெங்கடாசலம்: டீச்சருக்கு எதுக்கு அத்தாம்பெரிய கத்தி?

ஜெயகுமாரி: கிறிஸ்துமஸ் கேக்கு வெட்ட.

வெங்கடாசலம்: கிறிஸ்துமஸுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்குது!

ஜெயகுமாரி: பழகிப் பாக்கறாங்களாம்.

வெங்கடாசலம்: அந்த வளைஞ்ச கத்தி?

ஜெயகுமாரி: ஏரி முக்குல எளநி விக்கறாரே, அவருக்கு.

வெங்கடாசலம்: குமாரி, அது நேபாளத்துக் கத்தி!

ஜெயகுமாரி: அது எளநிக்குத் தெரியுமாங்க? நல்லா வெட்டுதாம். திட்டறதா இருந்தாத் திட்டிக்கங்க. உங்க கத்தியை உங்களைக் கேக்காம எடுத்தது தப்புத்தான். ஆனா இந்த வருசம் அதுக பொட்டு வெச்சுக்கறப்ப யாரும் வாயைத் தொறந்து கேள்வி கேக்க முடியாது. அதுக்குத்தான் செஞ்சேன். அதுக்குள்ள நீங்க ஜீப்பை வரச் சொல்லிட்டீங்க...

வெங்கடாசலம்: சரி சரி, மூக்கைச் சிந்தாத. ஆக, முப்பத்தாறு ஆச்சு. அந்த மீதி ஒண்ணு எங்க?

ஜெயகுமாரி: ...என்னங்க முப்பத்தாறு?

வெங்கடாசலம்: ஏன்?

ஜெயகுமாரி: நான் அஞ்சு பேருதானே சொன்னேன்?

வெங்கடாசலம்: ஒரு... குத்துமதிப்பாச் சொன்னேன்.

ஜெயகுமாரி: குத்துமதிப்பா முப்பத்தாறா? நாப்பதுன்னு சொல்லுவாங்க, முப்பதுன்னு சொல்லுவாங்க. முப்பத்தாறுன்னு எவரு சொல்லுவாரு?

அத்தாயி: நான் கெளம்பறனுங்கக்கா. வெயிலு ஏறுது, கீரை வாடிப் போயிரும்...

ஜெயகுமாரி: உக்காரு அத்தாயி. எட்டு மாசமாச் சாணை புடிக்காமயே உன்ற கத்தி மழுங்கல, எல்லாம் சாமி சக்தின்னயே. அது என்ன சாமி?

அத்தாயி: நல்ல சாமிதானுங்கக்கா. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வருமுங்க.

ஜெயகுமாரி: எதுல வரும்?

அத்தாயி: ...ஸ்கூட்டருல.

ஜெயகுமாரி: ஏனுங்க!

அத்தாயி: என்னைய மன்னிச்சுக்கங்கண்ணா. அண்ணங்கிட்டச் சொல்லாதேன்னு அக்கா சத்தியம் வாங்கினாங்க. அக்காகிட்டச் சொல்லாதேன்னு நீங்க வாங்கினீங்க. ரெண்டு சத்தியத்தையும் தூக்கிட்டுத் தெனம் பஸ்ஸு ஏறி எறங்கறேன். கீரைக் கூடையை விட அதுதானுங்க கனம்.

ஜெயகுமாரி: இதுதான் உங்க வாக்கிங்கா? சொல்லுங்க. எப்ப இருந்து?

வெங்கடாசலம்: ஆடி மாசம் இருந்து. பஸ் ஸ்டாண்டுல இவ பலாப்பழம் அறுத்துட்டு இருந்தா. கையில பார்த்தா நம்ம கத்தி. நொம்பக் கோவம் வந்துச்சு. புடுங்கலாம்னு கிட்டப் போனேன். பிசினு அப்பி, முனை மழுங்கி, பாவமாக் கெடந்துச்சு குமாரி. கோவம் எங்க போச்சுன்னே தெரியல. வாங்கி, அங்கயே கல்லுல தேச்சுக் குடுத்தேன்.

அத்தாயி: கையில குடுக்கலீங்கக்கா. கீழதான் வெச்சாரு.

வெங்கடாசலம்: அடுத்த சொளையை அவ அறுத்தப்ப ஒரு சத்தம் வந்துச்சு பாரு... இத்தனை வருசத்துல அந்த அலமாரிக்குள்ள அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்ல. அப்புறம் வேற எங்கெங்க இருக்குதுன்னு விசாரிச்சேன். பழனியம்மா ஊடு, சத்துணவுக்கூடம், எளநிக்கடை... ஒவ்வொண்ணாப் போயிச் சாணை புடிச்சேன். டீச்சரு கேக்குகூடக் குடுத்தாங்க.

ஜெயகுமாரி: அதான் காலையில டிபன் வேண்டாம்னீங்களா? அப்படீன்னா... ஜீப்பு? ரிசார்ட்டு?

வெங்கடாசலம்: எந்த ரிசார்ட்டு?

ஜெயகுமாரி: அடப் பாவி மனுசா! ஒரு மணி நேரமா என்னையப் பொய்க்கு மேல பொய் சொல்ல வெச்சீங்களே, எதுக்கு?

வெங்கடாசலம்: முப்பத்தாறு கெடைச்சுருச்சு. ஒண்ணு மட்டும் கெடைக்கல. எல்லா ஊட்டுலயும் கேட்டுட்டேன். நாளன்னைக்குப் பூஜை. நேராக் கேட்டா நீ இன்னொரு சத்தியம் பண்ணுவ. அதான்...

ஜெயகுமாரி: எந்தக் கத்தி அது?

வெங்கடாசலம்: மொத கத்தி. பலா மரப் பிடி. நம்ம கல்யாணமான வருசம் சேர்வராயன் கோயில் திருவிழாவுல, உனக்கு மாங்கா கீறித் தர்றதுக்கு வாங்கினது. அதுல இருந்துதான் எனக்கு இந்தப் பைத்தியமே புடிச்சது. அதைத் தொலைச்சிருந்தா மீதி முப்பத்தாறும் எனக்கு எதுக்கு குமாரி? கோவிச்சுக்க மாட்டேன், யாருக்கு வெச்ச, சொல்லு.

ஜெயகுமாரி: அதை மட்டும் படியில வெக்க எனக்கு மனசு வரலீங்க.

வெங்கடாசலம்: அப்ப எங்க?

ஜெயகுமாரி: முப்பத்தாறு கத்தியைத் தேடி ஊரு ஊராப் போனீங்க. உங்க ஊட்டுச் சமையக்கட்டை எட்டிப் பார்த்தீங்களா? இந்தத் துணியை அவுக்கறேன், பாருங்க. பிடி தெரியுதா? எட்டு மாசமா இதுலதான் உங்களுக்குப் பொரியலு.

வெங்கடாசலம்: இதுவா... வெண்ணெயைக்கூட அறுக்காதுன்னயே...

ஜெயகுமாரி: எப்படி அறுக்கும்? இந்த ஊட்டுக்கு மட்டும்தான் அந்தச் சாமி ஸ்கூட்டருல வரலையே.

அத்தாயி: அண்ணா, உங்களுக்குக் கண்ணு கலங்குதுங்க.

வெங்கடாசலம்: வெங்காயம்.

அத்தாயி: அது பீன்ஸுங்கண்ணா.

வெங்கடாசலம்: நீ கீரையைப் பாரு அத்தாயி. குமாரி, ஸ்கூட்டர் டிக்கியில கல்லு இருக்குது, இப்பவே எடுத்தாறேன். அந்தக் கத்தியைக் கொண்டா... ஏய், ஏய், கையில குடுக்காத! கீழ வெய்யி. நான் குனிஞ்சு எடுத்துக்கறேன்.