தெரியாத நம்பர்

எடுங்கக்கா, எடுத்துப் பேசுங்க. தெரியாத நம்பரா இருந்தா என்ன? பஸ் சத்தத்துல கேட்டது வரைக்கும் கேக்கட்டும்.

யாரு, கேஸ்காரரா? பாத்தியளா, கட் பண்ணியிருந்தா சிலிண்டர் திரும்பிப் போயிருக்கும்.

எடுக்கக் கூடாதுன்னு உங்க மகன் சொல்லியிருக்கானா. அவனக் குத்தம் சொல்ல மாட்டேன். நானும் ஊர் பூரா அதத்தான் சொல்லிக் குடுத்தேன். ஆமாக்கா, டீச்சருதான். பள்ளிக்கூடத்துல இல்ல, பொம்பளையளுக்குப் போன் கத்துக்குடுக்குத டீச்சர். சங்கரன்கோயில்ல ஸ்டேசன் ரோட்டு மாடியில சனி, ஞாயிறு வகுப்பு. மேலநீலிதநல்லூர்லேருந்துகூட வருவாக. பிச்சம்மாள்னு ஒருத்தி, ஆடித்தபசுக் கூட்டத்துல பிள்ளையத் தொலைச்சுட்டு அழுதுக்கிட்டு நிக்கல, போட்டோவ குரூப்புல போட்டுக் கண்டுபிடிச்சுட்டா. எனக்குத் தல கால் புரியல. நாஞ் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு எனக்கே ஒரு நெனப்பு வந்துட்டு.

அப்பறம் ஒருத்தி ஃப்ராடு கால்ல ஏமாந்துட்டா. அன்னையிலேருந்து ஒரே பாட்டுதான் பாடுனேன். தெரியாத நம்பர்னா எடுக்காதிய. முன்னால பிளஸ் போட்டு வெளிநாட்டு நம்பரா வந்தா கட் பண்ணி, ப்ளாக் பண்ணிருங்க.

நானா? கடையநல்லூருக்கு. நஸ்ரின் பானுன்னு எங்கிட்டப் படிச்ச பிள்ள. வகுப்புக்கு வாரப்ப சங்கரன்கோயில்ல அம்மா வீட்ல இருந்தா. புருசன் சித்தீக்கு ஷார்ஜாவுல இருந்தாரு. மாசி மாசம் நெஞ்சுவலின்னு சேத்து, ஆபரேசன்லயே போயிட்டாரு. இப்ப அவ அங்க மாமியா வீட்ல இத்தாவுல இருக்கா. புருசன் போனா நாலு மாசம் பத்து நாள் வீட்ட விட்டு வரக் கூடாதுல்லா, அதான் நா போறேன். சாவுக்குத் துட்டி கேக்கவான்னா, அதுக்கு அப்பவே போயிருக்கணும். பஸ்டாண்டு வரைக்கும் வந்தேன், திரும்பிப் போயிட்டேன்.

ஆபரேசன் அன்னைக்கு அவ வகுப்புலதான் இருந்தா. அவரு ஆஸ்பத்திரியில கெடக்காருன்னே தெரியாது. போன் அடிச்சுது, பிளஸ் போட்ட நம்பர். டீச்சர், இது ஷார்ஜாப் பக்கத்து நம்பர் மாதிரி இருக்குன்னா. உன் புருசன் நம்பரான்னு கேட்டேன். இல்லன்னா. அப்ப இது ஏமாத்துக்காரன்தான்னுட்டேன். மறுபடி அடிச்சுது. எடுக்கட்டா டீச்சர்னு கேட்டா, மொகமே சரியில்ல. கட் ஆச்சு, ப்ளாக்கும் ஆச்சு. எல்லாரும் கை தட்டுங்கன்னேன். தட்டுனாக.

அவரு போனு ரூம்ல கெடந்துருக்கு. நர்சு போன வாங்கிக் கூப்பிட்டுருக்காரு, தியேட்டருக்குள்ள கொண்டு போறதுக்கு முந்தி. கூட இருந்த பையன் இப்பத்தான் ஊருக்கு வந்து சொல்லியிருக்கான். எனக்கு அப்பவே ஒரு சந்தேகம், அதான் பஸ்டாண்டோட திரும்புனேன்.

கோவமா? கோவப்பட்டு அவ நாலு வார்த்த கேட்டுருந்தா எனக்கு நிம்மதியா இருந்துருக்கும். நேத்து போன் பண்ணா. மரியாதையா டீச்சர்னுதான் கூப்பிட்டா. ப்ளாக் பண்ணுன நம்பரத் திரும்ப எடுக்கது எப்பிடின்னு நீங்க சொல்லித் தரலியே டீச்சர், அந்த நர்சக் கூப்பிட்டு, அவுக கடைசியா என்ன சொன்னாகன்னு கேக்கணும்னா.

புளியங்குடி வந்துட்டு, எறங்கணுமாக்கா? பையப் பிடிங்க, பாத்து.

என்னது, அவளும் கொஞ்சம் யோசிச்சிருக்கலாமா? அவ யோசிச்சாக்கா. பச்சப் பட்டன்கிட்ட வெரலக் கொண்டு போயிட்டா. நாந்தான் போன வாங்கி, எல்லாரும் பாத்துப் படிக்கட்டும்னு தூக்கிப் பிடிச்சுக்கிட்டு அமுக்குனேன்.