ஊறப்போட்ட தாள்கள்

காய்ந்துபோன வச்சிரத்தை எங்கள் தொழிலில் யாரும் குப்பையில் போடுவதில்லை. எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுக்கிற பசை அது. தீக்குச்சியின் தலையில் மருந்து ஒட்டி நிற்பது அதனால்தான். பலகைபோலக் காய்ந்தாலும் அரை நாள் தண்ணீரில் ஊறப்போட்டால் பழையபடி இளகிவிடும். விருதுநகரில் இருபது வருஷமாக அதைத்தான் தீப்பெட்டிக் கம்பெனிகளுக்குக் கொடுத்துவருகிறேன். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதி உங்களுக்கு எளிதில் விளங்கும்.

2005இல் கொலாஜன் தாளுக்கும் ஏஜென்சி எடுத்தேன். அதுவும் மாட்டுத் தோல் சரக்குதான். தீக்காயத்தின் மேல் ஒட்டினால் புதுத் தோல் வளரும்வரை மூடிக் காக்கும். கிருமி நீக்கி, ஸ்பிரிட்டில் நனைத்து, உறையில் அடைத்து வரும். சிவகாசிப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனைக்கு நான்தான் கொடுத்தேன்.

இரண்டு வருஷம் கழித்து, சித்திரை வெயிலில், சரக்கு அடுக்கிவைக்கும் என் தகரக் கிட்டங்கியில் முப்பது உறைகள் வாய் பிளந்து, தாள்கள் அப்பளமாகக் காய்ந்துவிட்டன. அதே வாரம் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் விபத்து. உடனே தாள் வேண்டும் என்று மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. கடையில் உட்கார்ந்துகொண்டு 'இல்லை' என்ற சொல்லை நான் சொன்னதே கிடையாது. என் அப்பாவும் சொன்னதில்லை.

வச்சிரம் ஊறப்போடும் தொட்டியைக் கழுவிவிட்டுத் தாள்களைப் போட்டேன். மெத்தென்று ஆகிவிட்டன. கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றி, திரும்ப உறையில் வைத்து, இஸ்திரிப் பெட்டியால் வாயை ஒட்டினேன். உறை பிரிந்திருந்தால் பயன்படுத்தக் கூடாது என்று அதன் மேலேயே அச்சடித்திருந்தது. படித்தேன். கம்பெனிக்காரர்கள் எதற்கும் அப்படித்தான் பயமுறுத்துவார்கள்.

அந்த விபத்தில் மாரித்தாய் என்ற பெண்ணுக்கு முதுகு முழுக்க வெந்திருந்தது. அவள் புருஷன் முனியராஜ் மருத்துவமனை வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "புண்ணு ஆறிரும்ல, அண்ணாச்சி?" என்றான். ஆறிவிடும் என்றேன். அவன் கும்பிட்டது எனக்கு மனநிறைவாக இருந்தது.

நான்காம் நாள் நர்ஸ் பானுப்பிரியா ஒரு காலி உறையோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, தாளுக்கு அடியில சீழ் கட்டுது. ஒறையில இஸ்திரிப் பொட்டித் தடம் கெடக்கு. கம்பெனியில இப்பிடியா ஒட்டுவாக?"

எனக்குக் கோபம் வந்தது. நேற்று வந்த பெண் என் சரக்கைச் சந்தேகப்படுகிறாள். அவள்தான் தாள் பெட்டியை வெயிலில் போட்டுவைத்திருந்தாள், என் கண்ணால் பார்த்தேன் என்று டாக்டரிடம் சொன்னேன். மறுநாள் அவள் வேலையில் இல்லை. மீதி உறைகளையும் பிரித்து நோயாளிகளுக்கு ஒட்டினார்கள். ஒன்பதாம் நாள் மாரித்தாய் இறந்தாள். அடுத்த வாரம் இன்னும் இரண்டு பேர். தீக்காயத்தில் ஆள் சாவது இந்தப் பக்கம் புதிதில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை. அதன் பிறகும் காய்ந்தபோதெல்லாம் ஊறப்போட்டு அனுப்பிக்கொண்டுதான் இருந்தேன்.

தெரிந்தே செய்தாயா என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள், இன்ஸ்பெக்டர். இல்லை. தொழில் வழக்கத்தை நம்பிச் செய்தேன்.

டாக்டர் உங்களிடம் சொன்னதும் உண்மைதான். அதே வருஷம் ஐப்பசியில், தீபாவளிப் பலகாரம் சுடும்போது, என் மகள் பிரீத்திகாவின் கையில் எண்ணெய் கொட்டிவிட்டது. அதே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் நான் கொடுத்த பெட்டியிலிருந்து ஒரு உறையை எடுத்தார். அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினேன். காரை எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போய், ஒட்டுவாயை நாலு தடவை தடவிப் பார்த்து, புது உறை வாங்கிவந்தேன். கை நன்றாக ஆறிவிட்டது. பெற்றவன் எவனும் அதைத்தான் செய்வான். அதற்கும் இந்த வழக்குக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.