ஒரு சுத்தமான பதிவு

சோணையம்மாளுக்கு அந்தத் தொப்பி ரொம்பப் பிடிக்கும். மாட்டிவிட்டதும் முகம் பார்க்கக் கண்ணாடி கேட்பார். நெற்றி வழியாக ஒளியை உள்ளே அனுப்பி, நடக்கும்போது மூளையில் எங்கே ரத்த ஓட்டம் கூடுகிறது என்று காட்டும் தொப்பி அது.

திருப்புல்லாணிப் பக்கம் களையெடுத்தும் கதிரறுத்தும் பிழைத்தவர். லேசான பக்கவாதம் வந்ததிலிருந்து நடை தள்ளாடியது. மறுபடி வயலில் இறங்கிவிடலாம் என்ற ஆசையில், மருமகள் பூமயிலின் கையைப் பிடித்துக்கொண்டு, ராமநாதபுரத்தில் எங்கள் ஆராய்ச்சிக்காக வாடகைக்கு எடுத்த கூடத்துக்கு வருவார். உத்தரத்தில் கட்டிய வாரை இடுப்பில் மாட்டித்தான் நடக்க வைப்போம். கால் இடறினாலும் வார் தாங்கிவிடும்.

சிக்கலே அதுதான் ஐயா. விழாதவர்களின் மூளையை எவ்வளவு பதிந்தாலும், விழும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. இரவல் வாங்கிய அந்தத் தொப்பிக் கருவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய வாரமும் வந்துவிட்டது.

அன்று பூமயிலைத் தண்ணீர் எடுத்துவர அனுப்பினேன். கால் புதைந்து தள்ளாட வைக்கும் குறுகலான நுரை மெத்தையைத் தரையில் விரித்தேன்.

"இடுப்பு வாரு மாட்டலையே தம்பி?" என்றார் சோணையம்மாள்.

"இனி அது எதுக்கும்மா? நல்லாத்தான நடக்குறீக."

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மெத்தையின் நடுவில் இடது கால் புதைந்து, உடம்பு வெறுந்தரைப் பக்கம் சாய்ந்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"தம்பி, கையக் குடுங்க."

கத்தவில்லை. கொடுப்பேன் என்று நம்பித்தான் கையை நீட்டினார். தொட்டால் தொப்பி அசையும், பதிவு கெட்டுவிடும். கணினித் திரையில் கோடு நான் எதிர்பார்த்தபடியே எழும்பியது. அது அடங்கும்வரை காத்திருந்து, பிறகு தூக்கினேன்.

இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. படுக்கைப் புண் வந்து, காய்ச்சல் கண்டு, கதிரறுப்பு தொடங்குமுன் இறந்துபோனார். அவரே வாரைக் கழற்றிவிட்டார் என்று வீட்டாரிடம் சொல்லியிருந்தேன்.

துக்கம் கேட்கப் போனபோது பூமயில் என்னிடம் வந்தாள். "நா தண்ணிக்குப் போயிருக்கக் கூடாது சார். நா பிடிச்சிருந்தா அத்த விழுந்திருக்க மாட்டாக."

நான் தலையாட்டினேன். உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பெண் ஏற்கெனவே நொந்துபோயிருந்தாள். மேலும் நோகடிக்க எனக்கு மனம் வரவில்லை.