இரண்டு பேர் பார்க்கும் ஆட்டம்

கபடியைத் தனியாகப் பார்க்க முடியாது, தம்பி. வேறு ஆட்டமென்றால் சோற்றைப் பிசைந்துகொண்டே ஒரு கண்ணால் பார்த்துவிடலாம். கபடியில் எதிரணிக் களத்துக்குள் பாடிப் போகிறவன் மூச்சைப் பிடிக்கும்போது நாமும் பிடிக்கிறோம். அதை விடும்போது பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும்.

உங்கள் மச்சான் வருவதற்கு முன் இந்தத் தூரதேசத்தில் ஆறு வருடம் தனியாகத்தான் பார்த்தேன். சலவைக்கூடத்தில் என்னோடு விரிப்பு மடிப்பவர்களிடம் ஒருமுறை செல்போனில் காட்டினேன். "தொட்டுட்டு ஓடுற ஆட்டமா?" என்று சிரித்தார்கள். அதன்பிறகு யாரிடமும் காட்டவில்லை. ஊர் அணி ஜெயித்த நாளில் கைதட்டினால், அந்தச் சத்தம் எதிர்ச்சுவரில் பட்டு எனக்கே திரும்பி வரும்.

ஒரு மாலை கதவு தட்டப்பட்டது. மேல்மாடிக்குப் புதிதாகக் குடிவந்த உங்கள் மச்சான், குளிர்க்கிடங்கு வேலை உடுப்போடு நின்றார். "யாருங்க பாடிப் போறது? சத்தம் படிக்கட்டு வரைக்கும் கேக்குது" என்றார். உள்ளே வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "கணுக்காலப் புடிடா, கணுக்கால!" என்று டிவியைப் பார்த்துக் கத்தினார். ஊரில் மூலையில் நின்று பிடி போட்டு ஆடியவராம். அன்றிலிருந்து அவர் எனக்குப் பிடிகாரர். அந்த மாதமே என் அறைக்கு மாறிவிட்டார்.

எங்களுக்குள் ஒளிவுமறைவு கிடையாது. அவர் செல்போனின் பூட்டு எண்கூட எனக்குத் தெரியும். கிடங்குக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் கட்டிலிலேயே போட்டுவிட்டுப் போவார்.

உங்கள் மனைவி கூப்பிட்டது அரையிறுதிக்கு முந்தின நாள். நான்தான் எடுத்தேன். "அண்ணன் இல்லையா? அம்மாவுக்கு மூச்சு வாங்குது. அண்ணனையே கேட்டுக்கிட்டிருக்கு. உடனே கிளம்பி வரச் சொல்லுங்க" என்றது அந்தப் பெண். சொல்கிறேன் என்றேன். சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் பிடிகாரர் முன்பே என்னிடம் சொல்லியிருந்தார்: "அம்மாவுக்கு ஒண்ணுன்னா போயிடுவேன். போனா திரும்பி வர மாட்டேன்." வேலை முடிந்து, மூக்கு நுனி சிவந்து, ஆட்டத்தை நினைத்துக்கொண்டே படியேறி வந்தவரின் முகத்தைப் பார்த்தேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றியது. அழைப்பு வந்த அடையாளத்தை அழித்தேன்.

மறுநாளும் கூப்பிட்டாள். இரட்டை வேலை பார்க்கிறார், லீவு தரமாட்டேன் என்கிறார்கள், என்றேன். "ஒரு வார்த்தை பேசக்கூடவா முடியாது?" என்று கேட்டாள். அழுகிறவர்களிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியாது. வைத்துவிட்டேன்.

இறுதிப்போட்டி நாள் மதியம் கூப்பிட்டது நீங்கள். உங்கள் குரல் எனக்கு நினைவிருக்கிறது. "அத்தை போயிட்டாங்க. காரியத்துக்காவது வருவாரா?" என்றீர்கள். "உங்களையே எடுத்துச் செய்யச் சொல்லிட்டார்" என்றேன். அந்த நேரத்தில் வேறு எதைச் சொன்னாலும் முதல் பொய் வெளியே வந்துவிடும் நிலை. உங்களுக்கே புரியும்.

அன்று எங்கள் அணி கடைசிப் பிடியில் ஜெயித்தது. உங்கள் மச்சான் என்னைத் தூக்கிச் சுற்றினார். அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பெற்ற தாய் போன நாளில் ஒரு மனிதனுக்கு அந்தச் சிரிப்பைக் கொடுத்தவன் நான். இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

மறுநாள் ஞாயிறு, வழக்கம்போல் வீட்டுக்குப் பேசினார். "பெத்தவ முகத்தப் பாக்க வராதவனுக்கு இங்க என்ன வேலை? இனிமே பேசாத" என்று நீங்கள் வைத்துவிட்டீர்கள். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுத்தான் அம்மா போனதையே தெரிந்துகொண்டார். அழவில்லை. "எங்கிட்ட ஏன் மறைச்சாங்க?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். ஏதாவது பதில் சொல்லாவிட்டால் அந்த மனிதர் உடைந்துபோவார். "வீட்டைத் தங்கச்சி பேருக்கு எழுதி வாங்கத்தான் மறைச்சிருப்பாங்க" என்றேன். பிறகு எழுந்து போய் உங்கள் எண்களை எல்லாம் அழித்தார். நான் அழிக்கச் சொல்லவில்லை.

மூன்று வருடம் ஆகிறது. அவர் ஊருக்குப் போகவில்லை, ஊர்ப் பேச்சையும் எடுப்பதில்லை. சில நாள் ஆட்டத்தின் நடுவில் காரணமில்லாமல் கண்ணைத் துடைத்துக்கொள்வார். நான் தோளில் கை வைப்பேன். காய்ச்சலென்றால் கஞ்சி வைத்துத் தருவேன். கூடப்பிறந்தவள் இதைச் செய்தாளா?

நீங்கள் இவ்வளவு தூரம் வேலைக்கு வந்து, விலாசம் விசாரித்து, என்னிடம் நேராகக் கேட்டீர்கள். அதனால் நேராகச் சொன்னேன். சீக்கிரம் அவர் வந்துவிடுவார், இன்று ஆட்டம் இருக்கிறது. மேலே வந்து எல்லாவற்றையும் சொல்லுங்கள், நான் தடுக்க மாட்டேன். ஆனால் கொஞ்சம் யோசியுங்கள், தம்பி. அம்மா இல்லை, தங்கை இல்லை. இப்போது நானும் இல்லையென்று ஆக்கிவிட்டால், பாவம், அவருக்கு வேறு யார் இருக்கிறார்கள்?