ஐந்து டிகிரி வட்டம்

இந்த அறையில் மாட்டியிருக்கும் ட்யூப்லைட் நல்ல விளக்கு, மேடம். உங்கள் மேலும் என் மேலும் வாசலில் நிற்கும் ஏட்டு மேலும் ஒரே மாதிரி விழுகிறது. எங்கள் கம்பெனியில் இப்படி ஒன்றுகூடச் செய்வதில்லை.

ஒரகடத்தில் நாங்கள் செய்வது மேடைக்கும் சினிமாவுக்கும் ஸ்பாட்லைட். வாங்க வருகிறவர்களுக்கு டெமோ ஹாலில் லென்ஸ் மாற்றி மாற்றிக் காட்டி, எத்தனை டிகிரி எடுக்கலாம் என்று சொல்வது என் வேலை. டிகிரி கூடினால் தரையில் விழும் வட்டம் பெரிதாகும், குறைந்தால் சிறிதாகும். மேடை அகலம், விளக்கின் உயரம் எல்லாம் பிறகு. யார் தெரியக் கூடாது என்றுதான் முதலில் கேட்பேன். அதைச் சொல்லிவிட்டால் டிகிரி தானாக வந்துவிடும்.

பிளாண்ட் ஹெட் சண்முகசுந்தரம் சார் அந்த ஹாலில்தான் திங்கட்கிழமை மீட்டிங் போடுவார். தலைக்கு மேலே ஐம்பது டிகிரி விளக்கு. மேடை முழுக்க வெளிச்சம். அதில் உலாத்திக்கொண்டே, போன வாரம் தப்புச் செய்த ஆளை மேலே கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்துவார். என்னை ஒருமுறை நிறுத்தினார். "ஃபர்ஸ்ட் கிராஜுவேட்டாமா நீ? வாயத் தொறந்தாலே தெரியுதே," என்றார். ஹாலே சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர் வீட்டிலும் அவர்கள்தான் முதல் பட்டதாரி. என்னைச் சொன்னதை நான் மறந்துவிட்டேன்.

நான் செய்ததெல்லாம் பாண்டிச்செல்விக்காக. கோவில்பட்டிப் பக்கத்துப் பெண், என் ரூம்மேட். லைனில் ஒரு லென்ஸைத் திருப்பி மாட்டிவிட்டாள். "நான் முட்டாள்" என்று மைக்கில் சொல்ல வைத்தார். சத்தம் பத்தவில்லை என்று மறுபடியும் சொல்ல வைத்தார். அடுத்த வாரமும் உன்னைத்தான் கூப்பிடுவேன் என்றார். அவள் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

ஒருவர் மட்டும் நிற்கிற வட்டம் போட்டால் பக்கத்தில் யாரையும் நிறுத்த முடியாது. கணக்கு அவ்வளவுதான். "பெரிய ஆளுங்களுக்குச் சின்ன வட்டம்தான் சார். அகலமாப் போட்டா கல்யாணப் பந்தல் மாதிரி இருக்கு," என்றேன்.

"அப்டியா? அப்ப கொறச்சிரு."

முப்பத்தாறு போட்டேன், உலாத்துவது நின்றது. இருபத்தாறில் கையை வீசிப் பேசுவது நின்றது. பத்தொன்பதில், மேலே ஏறி வந்த ஆளுக்கு இருட்டில்தான் இடம். இருட்டில் நிற்கிறவனைத் திட்டி என்ன பிரயோஜனம்? கூப்பிடுவதையே விட்டுவிட்டார்.

நியாயமாக அங்கே நிறுத்தியிருக்கலாம். பாண்டிச்செல்வியும் அதைத்தான் சொன்னாள். "போதும்க்கா, விட்ருங்க. மனுசன் பாவம்லா." அவள் நல்ல பெண். நல்ல பெண்களுக்காக வேறு யாராவதுதான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

பத்து போட்டேன். மூன்றடிகூட இல்லாத வட்டம். அதில் அவருக்கு அப்படி ஒரு நிம்மதி. மீட்டிங் முடிந்தும் இறங்க மாட்டார். மேசை உள்ளே அடங்காததால் ஃபைலை நெஞ்சில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். சாப்பாடும் நின்றபடிதான். ஐந்து போட்டபோது, ஷூ இரண்டையும் ஒட்டி வைக்க மட்டும் இடம். வீட்டுக்குக் கிளம்பினால், டிரைவர் கொம்பையா அண்ணன் மொபைல் டார்ச்சை அவர் காலடியில் அடித்துக்கொண்டே கார் வரைக்கும் நடப்பார். வெளிச்சம் கொஞ்சம் விலகினால் சார் ஒரு காலைத் தூக்கியபடி நின்றுவிடுவார். "இன்னாண்ணே, உங்காளு நொண்டி ஆடிகினு கீறாரு?" என்று கேன்டீனில் கேட்பார்கள். கொம்பையா அண்ணன் சிரிக்க மாட்டார்.

பொங்கல் லீவுக்கு முந்தின சாயங்காலம் கொம்பையா அண்ணன் ஹால் வாசலில் காத்திருந்தார். சார் வேறு வண்டியில் போய்க்கொள்வாராம், உங்களைக் கிளம்பச் சொன்னார் என்றேன். சங்கரன்கோவில் பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, கும்பிட்டுவிட்டு ஓடினார். அது பொய். எழுதிக்கொள்ளுங்கள். லீவு முழுக்க இந்த ஒரு விளக்கு எரியட்டும், டெஸ்ட் ஓடுகிறது என்று செக்யூரிட்டியிடம் சொன்னேன். அது ஒரு வகையில் உண்மை. சாரின் வீட்டம்மா மகள் பிரசவத்துக்கு அமெரிக்கா போயிருந்ததும் எனக்குத் தெரியும்.

மற்ற விளக்குகளை அணைத்தேன். "யாரு, ரஞ்சனியா? கொம்பையா வந்துட்டாராம்மா?" என்று இருட்டைப் பார்த்துக் கேட்டார். அவர் டிரைவரை மரியாதையாகச் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

"வந்துட்டே இருக்காரு சார்."

கதவை நான் பூட்டவில்லை. சாரின் போன் மேசை மேல்தான் இருந்தது. மேசை இருட்டில் இருந்தது. போவதற்கு முன் ஒரு தண்ணீர் பாட்டில்கூட வைத்தேன், வட்டத்தின் விளிம்பிலிருந்து அரை அடி தள்ளி. விழுந்தபோதும் அவர் வெளிச்சத்துக்குள்ளேயே மடங்கி விழுந்திருந்ததை நீங்கள் போட்டோவில் காட்டினீர்கள். பாட்டில் மூடி திறக்கப்படவே இல்லை.

பத்து டிகிரி லென்ஸை மாட்டியிருந்தால் பாட்டில் வெளிச்சத்துக்குள் வந்திருக்குமே, உனக்குத் தெரியாதா என்கிறீர்கள். தெரியும். அதுதானே என் வேலை. ஆனால் பத்தில், நெருக்கி நின்றால், இன்னொருவருக்கு இடம் இருக்கிறது மேடம். பாண்டிச்செல்வியை மறுபடியும் மேலே கூப்பிட்டுவிட்டால்? அவள் ஊருக்குப் போய்விட்டாள், ஹாலில் ஒருவரும் இல்லை என்பீர்கள். இருக்கட்டும். ஒரு பெண்ணின் மானத்தில் நான் ரிஸ்க் எடுக்க மாட்டேன்.