மணமகள் ரோசியே வருக

"என் பொண்ணு ஸ்டெல்லா மாலையும் கழுத்துமா ஹால் படி ஏறுறா. ஸ்பீக்கர்ல 'மணமகள் ரோசியே வருக'ன்னு பாட்டு வருது!"

உப்பளம் போகும் டவுன் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையிலிருந்த அம்மாள் தன் தம்பியிடம் இப்படிச் சொன்னதும் கண்டக்டர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"மெதுவா பேசுக்கா. மாப்ள வேணும்னா செஞ்சாரு? அந்த ரோசியோட நின்னு போன முதல் நிச்சயத்துக்கு அவரே பதிஞ்ச சிடி அது. பாதிக்கு மேல இடம் காலியா இருந்துச்சாம். அதுலயே ஸ்டெல்லா பேரைச் சொல்லிப் புதுசா பாட்டு சேத்திருக்காரு."

"அப்ப அந்தப் பாட்டு எங்கடா போச்சு?"

"கம்ப்யூட்டர்ல போட்டா ரெண்டும் வருதுக்கா. ஹால்ல இருந்தது பழைய பிளேயர். முதல் தடவை பதிஞ்சது மட்டுந்தான் அதுக்குத் தெரியும். அப்புறம் சேத்தது தெரியாது."

"சர்ச்ல சாமியார் முன்னால தாலி கட்டிக்கிட்டவளைத் தெரியாதாமா? அந்த நிச்சயக் கதை நம்ம சனத்துல நாலு பேருக்குத்தான் தெரியும். இப்ப பிரியாணி சாப்பிட்ட அத்தனை பேரும் ரோசி யாருன்னு கேக்குறாங்க. என் பொண்ணுக்குன்னு ஒரு புது சிடி வாங்க அவருக்கு மனசு வரலையே!"

"அழாத குறையா மன்னிப்பு கேட்டாருக்கா. அந்த சிடியை உடைச்சுப் போட்டுடுறேன்னாரு."

"எங்க உடைக்கிறது? ஸ்டெல்லா அன்னைக்கே பிடுங்கி பீரோவுல வச்சுப் பூட்டிட்டா."

"அவளுக்கு எதுக்குக்கா அது?"

"இனிமே அவரு 'இருக்கறதையே வச்சுப் பாத்துக்கலாமே'ன்னு வாயைத் தொறந்தா, அந்தப் பாட்டை எடுத்துப் போட்டு விடுவாளாம்."