புது எண்ணெய்

பழைய இன்ஜினைப் பிரித்துச் சரி செய்வதா, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குவதா என்று யார் கேட்டாலும், பிரித்துப் பார்க்கலாம் என்றுதான் நான் சொல்வேன். அது என் சுபாவம். இதற்காகவே என்னைக் கேலி செய்பவர்கள் உண்டு. அதனால்தான் படகு முதலாளி அன்று என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். படகின் ஜெனரேட்டர் இன்ஜின் சீஸ் ஆகியிருந்தது. உள்ளே இருக்கும் இரும்பெல்லாம் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டு, கம்பியால் நெம்பினாலும் சக்கரம் அசையவில்லை. நானோ, "இதுல கை வைக்க வேணாம் முதலாளி, புதுசு வாங்கிடலாம்" என்றேன். துக்கத்தில் பேசுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். அந்த இன்ஜின் நின்றதால் இறந்தவர் என் தங்கையின் கணவர் அல்லவா.

நீங்கள் கேட்டபடி முதலிலிருந்து சொல்கிறேன், ஐயா. எங்களுடையது மீன் பிடிக்கிற படகு அல்ல. துறைமுகத்தில் வந்து நிற்கும் கப்பல்களின் அடியில் சிப்பியும் பாசியும் அப்பிக்கொள்ளும். அதைச் சுரண்டி எடுப்பது எங்கள் தொழில். டைவர் நீருக்குள் இறங்குவார். படகில் ஒரு கம்ப்ரசர் ஓடும், அதிலிருந்து நீளமான குழாய் வழியாக அவருக்குக் காற்று போகும். கம்ப்ரசருக்கு மின்சாரம் கொடுப்பது என் ஜெனரேட்டர். மாப்பிள்ளைதான் டைவர். இதைச் சொல்லியே என்னைச் சீண்டுவார். "வீட்டுல உங்க தங்கச்சியைக் கேட்டு மூச்சு விடுறேன், இங்க உங்களைக் கேட்டு மூச்சு விடுறேன். எனக்குன்னு ஒரு மூச்சு கிடையாதா மச்சான்?" என்பார். நல்ல மனிதர். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவரைத் தங்கைக்குப் பார்த்ததே நான்தான். பெற்றவர்கள் போன பிறகு அவளைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்தேன். வயது வந்ததும் நல்ல நல்ல இடங்கள் வந்தன. எல்லாம் வெளியூர். மூக்கு சரியில்லை, பேச்சு சரியில்லை என்று ஏதாவது நொட்டை சொல்லித் தட்டிக் கழித்தேன். இவர் எங்கள் படகிலேயே இருந்தார். தாய் தகப்பன் இல்லை, எங்கோ தொலைவில் ஒரே ஓர் அக்கா. வாடகை அறையில் தனியாகக் கிடந்தவர், கல்யாணமானதும் எங்கள் வீட்டின் கீழ்ப்பகுதிக்கே வந்துவிட்டார். நான் மாடியில். காலையில் தங்கை கீழேயிருந்து, "டீ ஆறுது அண்ணா" என்று குரல் கொடுப்பாள். அவள் மகளை வாலு என்று கூப்பிடுவோம். பெயருக்கேற்ற பிள்ளை. என் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு படியில் டொக் டொக்கென்று ஏறி வருவாள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. தேவைப்படவும் இல்லை.

இப்போது ஜெனரேட்டரில் இருந்த சுவிட்ச் விஷயத்துக்கு வருகிறேன். எண்ணெய் குறைந்தால் இன்ஜின் தானாக நின்றுவிடும்படி அதில் ஒரு சுவிட்ச் உண்டு. இன்ஜின் கெட்டுப்போகாமல் இருப்பதற்காக வைத்தது. ஒரு தடவை மாப்பிள்ளை கீழே இருக்கும்போது, எண்ணெய் நிறைய இருந்தும், அந்த சுவிட்ச் கோளாறாகி இன்ஜினை நிறுத்திவிட்டது. கம்ப்ரசர் தொட்டியில் மிச்சமிருந்த காற்றில் எப்படியோ மேலே வந்து சேர்ந்தார். முகமெல்லாம் வெளுத்திருந்தது. அன்றைக்கே நான் அந்த சுவிட்சை எடுத்துவிட்டுக் கம்பியை நேராக இணைத்தேன். இன்ஜின் போனால் போகட்டும், ஆள் முக்கியம் என்று சொன்னேன். முதலாளியே என் தோளைத் தட்டினார். தங்கை எனக்குச் சோறு போடும்போது கண் கலங்கினாள். அந்த நேரத்தில் என் மனதில் வேறு எதுவும் இல்லை, சத்தியமாக.

அதற்கப்புறம்தான் மாப்பிள்ளைக்கு அந்த வேலை கிடைத்தது. கடல் தாண்டிய நாடு, பெரிய கம்பெனி, குடும்பத்தோடு வந்துவிடலாம். தங்கை மூச்சு வாங்க மாடிக்கு ஓடி வந்தாள். "அண்ணா, அங்க துணி காயவைக்கக்கூட மெஷினாம். மழை வந்தா ஓட வேணாம்" என்று சொல்லிச் சிரித்தாள். அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை. எனக்கு வயிறு எரிந்தது. உள்ளதை உள்ளபடி சொல்கிறேன்.

மாப்பிள்ளை என் மனதைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, "வருஷத்துக்கு ஒரு தடவை வந்து பத்து நாள் தங்கிட்டுப் போங்க மச்சான். உங்களுக்குன்னு ஒரு கட்டில் போட்டுடலாம்" என்றார். நான் வளர்த்த பெண்ணின் வீட்டில் எனக்கு ஒரு கட்டில். அதுவும் பத்து நாளைக்கு. சரி என்று தலையாட்டினேன்.

எடுத்த எடுப்பிலேயே நான் இதற்குப் போய்விடவில்லை. பேசிப் பார்த்தேன். அங்கே குளிர் எலும்பைத் துளைக்கும் என்றேன். குழந்தைக்கு பாஷை தெரியாதே என்றேன். வாலு குறுக்கே புகுந்து, "நான் ரெண்டே நாள்ல கத்துக்குவேன் மாமா. உங்களுக்கும் போன்ல சொல்லித் தரேன்" என்றாள். நெஞ்சு வலி என்று படுத்தும் பார்த்தேன். தங்கை பதறிப்போய் டாக்டரிடம் அழைத்துப் போனாள். அந்த மனிதர் எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, "கல்லு மாதிரி இருக்கீங்க, ஒண்ணும் இல்லை" என்று சொல்லிவிட்டார். தங்கைக்கு நிம்மதி. இனி தைரியமாகக் கிளம்பலாம் என்று அங்கேயே சொன்னாள்.

இன்ஜினுக்கு எண்ணெய் மாற்றும் முறை வந்தது. பழைய எண்ணெயை வடித்துக் கேனில் பிடித்து மூடி வைத்தேன். புதியதை ஊற்றவில்லை. அடியில் கொஞ்சம் தங்கியிருக்கும். இன்ஜின் கிளம்புவதற்கும் சற்று நேரம் ஓடுவதற்கும் அது போதும். எண்ணெய் இல்லை என்று முதலிலேயே தடுக்கிற சுவிட்சும் இப்போது இல்லை. குழாய் பிடிக்கிற ஆள் ஒருவர் இருக்கிறார், டைவரின் குழாயையும் கயிற்றையும் மேலேயிருந்து கவனிப்பவர். அவர் கேட்டபோது மாற்றிவிட்டேன் என்றேன். வேலை விஷயத்தில் நான் பொய் சொன்னது அது ஒன்றுதான். அதைச் சொல்லும்போது எனக்கே கூச்சமாக இருந்தது.

மறுநாள் மாப்பிள்ளை இறங்கத் தயாரானார். முதுகில் மாட்டிக்கொள்ள ஒரு சின்ன சிலிண்டர் உண்டு, குழாயில் காற்று நின்றால் ஆபத்துக்கு உதவும். இடுக்கில் மாட்டிக்கொள்கிறது என்று அதை அவர் எப்போதும் படகிலேயே வைத்துவிட்டுப் போவார். அன்றைக்கும் வைத்தார். "போட்டுக்கோங்க மாப்பிள்ளை" என்றேன். குழாய் பிடிப்பவரைக் கேட்டுப் பாருங்கள், அவர் காதில் விழுந்திருக்கும். "இன்னும் ஒரு வாரம்தானே மச்சான், அங்க போய் எல்லாத்தையும் மாட்டிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். அந்த ஒரு வாரம் என்ற வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

முதலில் இன்ஜின் ஒழுங்காகத்தான் ஓடியது. பிறகு ஒரு தட்டல் கேட்டது. குழாய் பிடிப்பவர் திரும்பி, "அண்ணே, சத்தம் ஒரு மாதிரியா இருக்கே" என்றார். "வயசாச்சு, முனகுது" என்றேன். அப்போதே கயிற்றை இழுத்து அவரை மேலே வரச் சொல்லியிருக்கலாம். நேரம் இருந்தது. ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்பதே எனக்குப் பெரும்பாடாக இருந்தது. எண்ணெய் இல்லாமல் இரும்போடு இரும்பு உராயும் சத்தத்தை, வாழ்நாளெல்லாம் இன்ஜினோடு இருந்தவனால் சகித்துக்கொள்ள முடியாது. காதைப் பொத்திக்கொள்ளலாம் போல வந்தது. சற்று நேரத்தில் ஓர் அலறலோடு நின்றுவிட்டது.

தொட்டிக் காற்றைப் பற்றிக் கேட்டீர்கள். முன்பு ஒருமுறை அதில்தானே தப்பி வந்தார், இந்த முறை ஏன் முடியவில்லை என்று. நியாயமான கேள்விதான். அந்தத் தொட்டியின் அடியில் சேரும் தண்ணீரை வடிக்க ஒரு திருகு இருக்கிறது. தினமும் காலையில் வடித்துவிட்டு மூடுவது என் வேலை. அன்று நான் அதை முழுவதும் மூடவில்லை. கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கும்வரை அது யாருக்கும் தெரியாது, நின்றால் மிச்சக் காற்றெல்லாம் அந்த வழியே போய்விடும்.

அவர் கப்பலின் அடியில், நட்டநடுவில் இருந்தார். குழாய் பிடிப்பவர் அரக்கப் பரக்க இழுத்தார். நானும் ஓடிப்போய் இழுத்தேன். என் உள்ளங்கையைப் பாருங்கள், தோல் உரிந்த தழும்பு இன்னும் மாறவில்லை. எல்லோரையும்விட அதிகமாக இழுத்தது நான்தான். படகில் இருந்த யாரும் இதை மறுக்க மாட்டார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க அங்கதானே இருந்தீங்க அண்ணா?" என்றாள். இருந்தேன் என்றேன். "அப்போ எப்படி அண்ணா?" என்றாள். அவள் விரல்களைச் சட்டையிலிருந்து விடுவித்து பெஞ்சில் உட்காரவைத்தேன். அவள் திருப்பிக் கேட்கவில்லை. வாலு என் மடியில் தூங்கிப்போனாள்.

முதலாளி என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார். நான் படகுக்குப் போனேன். இன்ஜினைக் காலியாக விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. புது எண்ணெய் டின்னைத் திறந்து, குச்சியில் அளவு பார்த்துப் பார்த்து நிறைய ஊற்றினேன். தடயத்தை மறைக்க ஊற்றினேன் என்று நீங்கள் நினைப்பீர்கள். மறைக்கிற எண்ணம் இருந்திருந்தால் கேனில் இருந்த பழைய கறுப்பு எண்ணெயைத்தானே ஊற்றியிருப்பேன்? அது பக்கத்திலேயே இருந்தது. அந்த யோசனையே வரவில்லை. வறண்டு கிடந்த இன்ஜின்மேல் எனக்குப் பரிதாபமாக இருந்தது.

முதலாளி என் பேச்சைக் கேட்கவில்லை. பிரித்துப் பார்த்தால் செலவு குறையும் என்று வெளியிலிருந்து ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்தார். அவர் குச்சியை உருவித் துடைத்துப் பார்த்தார். எண்ணெய் தேன் நிறத்தில் இருந்தது. எண்ணெயில் குறையில்லை என்று முதலாளிக்குத் திருப்தி. மெக்கானிக் குச்சியைச் செருகிவிட்டு ஸ்பானரை எடுத்தார். அடிப்பாகத்தைக் கழற்றினார். பேரிங்கெல்லாம் உருகி, தண்டோடு ஒட்டி, நீலம் பாரித்துக் கிடந்தது. முதலாளி டீ சொல்லப் போன நேரத்தில் அவர் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"டீசல் இன்ஜின்ல ஊத்தின எண்ணெய் கொஞ்ச நேரம் ஓடினாலே கறுத்துடும்" என்றார். "இது ஒரு நிமிஷம்கூட ஓடலை."

"ஆமா" என்றேன்.

அவர் கையிலிருந்த கிரீஸை வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். "அந்தப் பொண்ணுக்கு இப்ப யாரு இருக்கா?"

"நான் மட்டும்தான்."

என்னை ஏறிட்டுப் பார்க்காமலே எழுந்து போய்விட்டார். முதலாளியிடம் இது தேறாது, புதிது வாங்குங்கள் என்றார். அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள். அவர் என்னைக் காப்பாற்றவில்லை, என் தங்கை அநாதையாகிவிடக் கூடாது என்று நினைத்தார். கிரேன் வைத்துப் பழையதைத் தூக்கினார்கள். புது ஜெனரேட்டரை நான்தான் பொருத்தினேன். எண்ணெய் சுவிட்சை முறைப்படி இணைத்து, தொட்டித் திருகையும் மாற்றினேன். அடுத்து வரும் டைவருக்கு ஏதாவது ஆகிவிடக் கூடாது பாருங்கள்.

அதோடு எல்லாம் காதும் காதும் வைத்தாற்போல் முடிந்திருக்கும். தங்கை கீழே இருந்தாள், நான் மாடியில் இருந்தேன். டீக்குக் கூப்பிடுவது நின்றுபோயிருந்தது. அழுகை ஓயும் என்று காத்திருந்தேன். எனக்குப் பொறுமை அதிகம். ஆனால் போன வாரம் அவளே மாடிக்கு வந்தாள். மாப்பிள்ளையின் அக்கா இவளையும் குழந்தையையும் தன்னோடு வந்துவிடச் சொல்லிவிட்டாராம். டிக்கெட்டும் போட்டாயிற்று.

"குழாயைத் திறந்து தண்ணி சத்தம் கேட்டாலே எனக்கு அவர் ஞாபகம் வருது அண்ணா. இந்த ஊர்ல என்னால இருக்க முடியாது" என்றாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்களுக்காக உங்க வாழ்க்கையையே விட்டீங்க. இனிமேலாவது உங்களுக்குன்னு வாழுங்க" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு செய்த பிறகும் கிளம்புகிறாளே என்று.

என்னை யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை. நானேதான் இந்த ஸ்டேஷனுக்கு நடந்து வந்து உங்கள் முன்னால் உட்கார்ந்தேன். ஏன் வந்தாய் என்ற இடத்தில் மனசாட்சி என்று போட்டுக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. மாப்பிள்ளையைக் கொன்றது நான். தெரிந்தே, யோசித்தே செய்தேன். பழைய இன்ஜின் இன்னும் துறைமுகத்து இரும்புக் கிடங்கில்தான் கிடக்கிறது, ஆளை அனுப்பிப் பாருங்கள், நான் சொன்னது அத்தனையும் சரியாக இருக்கும். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும், ஐயா. இறந்தவரின் மனைவி என்ற முறையில் தங்கையும் சாட்சி சொல்லியாக வேண்டும் அல்லவா? வழக்கு முடியும்வரை ஊரைவிட்டுப் போகக் கூடாது என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். வழக்கு எத்தனை வருடம் இழுத்தாலும் எனக்கு அவசரம் இல்லை. கோர்ட்டில் என் முகத்தில் காறித் துப்புவாள். துப்பட்டும். அதற்காவது அவள் என் பக்கத்தில் வந்துதானே ஆக வேண்டும்.